ஜக்கை நம்பிக் கீழே போகாதீர்கள்

வன்னிக் கராஜ்களின் கைத்திறமையும், அது வாங்கும் விலையும்

"ஒண்டும் செய்யாது தம்பி, நீ உள்ளுக்குப் பூந்து நட்டைப் பிடி."

வன்னியில் எந்தக் கராஜ் வாசலில் அரை மணி நேரம் நின்றாலும் இந்த மாதிரி ஒரு வசனம் காதில் விழும். சொல்பவர் பொல்லாதவர் அல்லர். அவரும் பதினைந்து வயதில் இப்படித்தான் யாரோ ஒரு பாஸ் சொல்லக் கேட்டு வாகனத்துக்குக் கீழே பூந்தவர். பெடியனும் பயத்தைக் காட்டிக்கொள்ள மாட்டான். "சரி அண்ணை" என்றபடி சாரத்தை மடித்துக் கட்டி, ஒற்றை ஜக் தூக்கிப் பிடித்திருக்கும் வாகனத்துக்குக் கீழே முதுகால் ஊர்ந்து போவான். பெரும்பாலான நாட்களில் உண்மையிலேயே ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் அந்த வசனத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வந்தால், ஓமந்தை தாண்டி வரும் முக்கியமான சந்தி புளியங்குளம். அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுப் பக்கம் போகிறது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஏற்றிய பாரவூர்தி, கொழும்பு பஸ், மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர், காலபோகத்துக்கு வயல் உழப் போகும் உழவு இயந்திரம், பின்பெட்டியில் குடும்பமே இருக்கும் லாண்ட்மாஸ்ரர் எல்லாம் ஓடுகிற வீதிகள் இவை. இப்படியான ஊர்களில் கராஜ் இல்லாமல் ஒரு நாள் நகராது. நகரத்து முகவர் நிறுவனங்களின் வழுவழுப்பான தரையும் வாகனத்தை அப்படியே தலைக்கு மேல் தூக்கும் இயந்திரமும் இந்தப் பக்கத்துக் கராஜ்களில் கிடையாது. தகரக் கொட்டில், ஒயில் ஊறிக் கறுத்த மண் தரை, மரக்கிளையில் தொங்கும் செயின் புளொக், மூலையில் வெல்டிங் பெட்டி. பல இடங்களில் கராஜ் என்றால் இவ்வளவுதான்.

இந்தக் கொட்டில்களை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு வன்னியின் கதை தெரியாது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் அடங்கின. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பற்றாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, அது சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பெற்றோல் இல்லாவிட்டால், பாம்பு கடித்தவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் எம்.டி.90 மோட்டார் சைக்கிளும் அந்தக் காலத்தைத் தாண்டியது கராஜ்காரரின் கையால்தான்.

1997 மே மாதம் ஜயசிக்குறு படைநடவடிக்கை தொடங்கியது. புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. ரயில் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2002 இல் ஏ9 பாதை திறந்தது, 2006 இல் மூடியது, போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. 2013 செப்டெம்பரில் ரயில் திரும்பக் கிளிநொச்சிவரை ஓடியது. 2015 இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியும் போனது. இன்று வவுனியாவில் கிடைக்காத சாமான் கொழும்பிலிருந்து அடுத்த நாள் பஸ்ஸில் வந்து இறங்கும்.

ஆனால் கை இன்னும் தடைக் காலத்திலேயே நிற்கிறது. இல்லாததை வைத்துச் சமாளித்த அந்தத் திறமை அன்று ஒரு சமூகத்தைத் தூக்கி நிறுத்தியது; அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அதே சமாளிப்பு இன்று பெடியங்களின் விரலையும் கண்ணையும் முதுகெலும்பையும் கேட்கிறது. தூக்கிய வாகனத்தைத் தாங்கும் இரும்பு ஸ்ராண்ட் வாங்க வழியில்லாத காலத்தில் கல்லை அடுக்கியதற்குக் காரணம் இருந்தது. ஸ்ராண்ட் கடையில் கிடக்கும் காலத்தில் கல்லை அடுக்குவதற்கு என்ன காரணம்?

ஜக்கிலிருந்தே தொடங்குவோம். ஜக் தூக்குவதற்கான சாமான். தூக்கியதைத் தாங்கிக்கொண்டிருப்பது அதன் வேலை இல்லை. ஹைட்ரோலிக் ஜக்குக்குள் இருக்கும் அத்தனை பலமும் சின்ன இறப்பர் வளையங்களையும் வால்வுகளையும் நம்பித்தான் நிற்கிறது. ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினாலோ வளையம் தேய்ந்தாலோ ஒயில் மெல்லக் கசியும், வாகனம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். மெல்ல இறங்கினால் அதிர்ஷ்டம். வளையம் ஒரேயடியாகக் கிழிந்தால் வாகனம் ஒரேயடியாக விழும். அதற்கு மேல் நம்முடைய மண் தரை. ஜக்கின் அடித்தட்டு உள்ளங்கை இரண்டளவு. மாரியில் நனைந்த மண்ணில் இரண்டு தொன் பாரத்தோடு அது ஒரு பக்கமாகப் புதையும். ஜக் பழுதே இல்லாமல் வாகனம் சரிவது இப்படித்தான்.

வெறும் ஜக்கை விட ஆபத்தான ஒன்று உண்டென்றால் அது சீமெந்துக் கல்லை முட்டுக்கொடுப்பது. மதிலில் வரிசையாக அடுக்கும்போது பாரம் கல்லின் முழு முகத்திலும் பரவும். வாகனத்தின் சேஸிஸ் ஒரே ஒரு விளிம்பில் அமத்தும்போது அதே கல் முன்னறிவிப்பு இல்லாமல் தூளாகும். மரக்கட்டை அப்படி உடைவதில்லை. பாரம் தாங்க முடியாமல் போகும்போது அது நெரியும், கிறீச்சிடும், ஆளுக்கு ஒரு கணம் கொடுக்கும். தடித்த பலகை ஒன்றை ஜக்குக்குக் கீழே போட்டு, மறு பக்கத்துச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தூக்கிய பிறகு சேஸிஸுக்குக் கீழே இரும்பு ஸ்ராண்டை வைத்து, அதன் மேல் வாகனத்தை இறக்கிய பிறகுதான் ஆள் கீழே போகலாம். ஸ்ராண்ட் இல்லாத இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனத்த மரக்கட்டை. போவதற்கு முன் வெளியில் நின்று வாகனத்தை இரண்டு கையாலும் ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சில்லைச் சும்மா ஓரத்தில் சாத்தி வைக்காமல் சேஸிஸுக்குக் கீழே படுக்கப் போடுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். எல்லாம் கைவிட்டாலும் வாகனத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில் அந்த ஒரு சில்லின் தடிப்பு இருக்கும்.

டிப்பர் இன்னொரு சாதி. பெட்டியை மேலே தூக்கிவிட்டு, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில் தலையை விட்டு ஒயில் குழாயைக் கழற்றுவார்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஒயில்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது கழற்றுகிறவருக்குத் தெரியாததல்ல; அவசரத்தில் கை தலையை முந்திவிடுகிறது. வெறும் பெட்டியே ஒரு தொன்னுக்கு மேல். அது கீழே வர எடுக்கும் நேரத்தில் ஒருவராலும் விலக முடியாது. பெட்டிக்கும் சேஸிஸுக்கும் இடையே கம்பியோ கனத்த மரமோ முட்டாக நிற்க வேண்டும். வாகனத்தின் திறப்பு, வேலை செய்கிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். திறப்பு வாகனத்தில் கிடந்தால், விடயம் தெரியாமல் ஏறும் ஒருவர் ஒரு லீவரைத் தட்டினால் போதும்.

ரயர் கடைக்கு வருவோம். கராஜோடு ஒட்டித்தான் காற்றடிக்கும் இடமும் இருக்கும். பாரவூர்தி ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் காற்று ஏற்றுகிறோம். நூறு என்ற எண் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த ரயரின் ஒரு பக்கச் சுவரின் பரப்பைக் கணக்கிட்டால், உள்ளிருந்து அதைத் தள்ளும் மொத்த விசை முப்பது தொன்னைத் தாண்டும். பழைய பாரவூர்திகளிலும் சில உழவு இயந்திரப் பெட்டிகளிலும் ரிம் ஒரே துண்டாக இருக்காது. பக்கத்தில் ஒரு வளையத்தைத் தட்டிப் பொருத்துவார்கள். வளையம் துருப்பிடித்திருந்தால், சரியாக உட்காராவிட்டால், காற்று ஏறும்போது அது தட்டாகக் கழன்று பறக்கும். முன்னால் குந்தியிருப்பவரின் முகம் அதன் பாதையில் இருக்கும். அமெரிக்காவில் இப்படியான ரிம்முக்கு இரும்புக் கூட்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது சட்டம். கூடு செய்ய வெளிநாடு போக வேண்டியதில்லை. நம்முடைய வெல்டிங்காரருக்குத் தடித்த இரும்புக் குழாய் வளைத்து ஒரு கூடு ஒட்டுவது ஒரு நாள் வேலை. அதுவரைக்கும் வளையத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, சங்கிலியால் கட்டி, நீளக் குழாயில் கிளிப் பூட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று காற்றடிக்கலாம். பாதிக் காற்றோடு இருக்கும் வளையத்தைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட வேண்டும்.

வெல்டிங்கில் எல்லோரும் தீப்பொறிக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வெறும் பரலுக்கு. பெற்றோல் நிறைந்த பரலைக் கொண்டுவந்தால் எந்த வெல்டிங்காரரும் கிட்டப் போக மாட்டார். "காலி பரல்தானே" என்றால் உடனே கம்பியைக் கொழுவுவார். உண்மை நேர்மாறானது. திரவப் பெற்றோல் எரியும். காற்றோடு கலந்த பெற்றோல் ஆவி வெடிக்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு ஆவி இருந்தாலே வெடிப்புக்குப் போதும். 200 லீற்றர் பரலுக்கு அது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி பெற்றோல். வடித்துக் கவிழ்த்த பரலின் மடிப்பில் அதைவிடக் கூடுதலாகத் தங்கியிருக்கும். மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் முழுதாகப் போகாது, ஏனெனில் பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழாமல் அடியிலேயே படுத்திருக்கும். மோட்டார் சைக்கிள் ராங்கியும் இதே கதைதான்.

டீசல் ராங்கி பயமில்லை என்பார்கள். சாதாரண சூட்டில் டீசல் ஆவியாவது குறைவுதான். வெல்டிங் சூடு பட்ட தகட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் டீசல் படலமோ அந்த இடத்திலேயே ஆவியாகிவிடும். அதன் பிறகு பெற்றோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் இல்லை. சவர்க்காரமும் சுடுநீரும் விட்டுப் பலமுறை கழுவி, ஒட்ட வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, எல்லா மூடிகளையும் திறந்து வைத்துச் செய்வதுதான் குறைந்தபட்சம். என்னுடைய கருத்தைக் கேட்டால், ஓட்டை ராங்கிக்குப் புது ராங்கி வாங்கச் சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது கௌரவக் குறைவே இல்லை.

ஒட்சிசன் சிலிண்டரின் வாயிலும் ரெகுலேற்றரிலும் கிறீஸ், ஒயில் படக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறுகிய நட்டுக்கு எல்லாம் ஒயில் விடுவது கராஜ்காரரின் கைப்பழக்கம். உயர் அழுத்த ஒட்சிசன் முன்னால் அந்த ஒயில் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும்.

வன்னி போன்ற போர் நடந்த மண்ணுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் வெல்டிங் கொட்டிலுக்கு வருகிறது. அது பழைய இரும்பு. மீள்குடியேறிய காலத்தில் காணியிலும் காட்டிலும் கிடந்த இரும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப் பொறுக்கப் போய் வெடிபொருளில் அகப்பட்டுச் செத்தவர்களும் கை கால் இழந்தவர்களும் நம் ஊர்களில் உண்டு. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யாரோ கொண்டுவந்து போட்ட உருளை இரும்பை, என்னவென்று தெரியாத குழாயை, நல்ல கனமான இரும்பு என்று வெட்டவோ சூடாக்கவோ தட்டவோ கூடாது. தொடாமல் விட்டு, ஆட்களை விலக்கி, 119 க்கு அழையுங்கள். இதில் சமாளிப்புக்கு இடமே இல்லை.

இனிச் சொல்லப்போவது நம் கராஜ்களில் மிகக் குறைவாகத் தெரிந்த காயம். டீசல் என்ஜினின் நொசில் எப்படித் தூவுகிறது என்று பார்க்க, அதைக் கழற்றி வெளியே திருப்பிவிட்டு என்ஜினைச் சுற்றுவார்கள். தூவலின் முன்னால் உள்ளங்கையைக் காட்டிப் பலத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. பழைய உழவு இயந்திரத்தின் நொசிலிலேயே அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். பாரவூர்தி ரயரில் உள்ளதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. புதிய கெப் வாகனங்களின் கொமன் ரெயில் முறையில் அது 1,600 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி போட்ட மாதிரி ஒரு சின்னப் புள்ளி, ஒரு பொட்டு இரத்தம், அவ்வளவுதான் வெளியே தெரியும். முதல் ஒரு மணி நேரம் நோவும் பெரிதாக இருக்காது. "முள்ளுக் குத்தின மாதிரித்தான் அண்ணை" என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடருவான். உள்ளே டீசல் விரலின் தசைநாண் உறை வழியாக உள்ளங்கைவரை பரவி, சதையைக் கொன்றுகொண்டிருக்கும். இரவில் கை வீங்கும். விடியும்போது விரல் கறுத்திருக்கும்.

டீசல் நொசிலால் வரும் இந்தக் காயத்தை 1937 இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து உள்ளே போனதைக் கழுவி எடுத்தால் விரல் தப்பலாம். பிந்தினால் வெட்ட வேண்டிவரும். ஆகவே புள்ளி சின்னதென்று பார்க்காமல் நேரே வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போய், "கையில் குத்திவிட்டது" என்று சொல்லாமல், "அழுத்தத்தில் வந்த டீசல் கைக்குள்ளே ஏறிவிட்டது" என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தில் விரல் இருக்கிறது. டிப்பர், பெக்கோ இயந்திரங்களின் ஹைட்ரோலிக் குழாயில் ஊசித்துளைக் கசிவைத் தேடும்போதும் விரலால் தடவாதீர்கள். ஒரு கார்ட்போர்ட் துண்டைப் பிடித்துப் பார்த்தால் ஒயில் அதில் அடையாளம் போடும்.

கிரைண்டர் இல்லாத கராஜ் இப்போது இல்லை. நாலரை அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும்போது அதன் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றரை நெருங்கும். டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் எண்களை யாரும் பார்ப்பதில்லை. அது எத்தனை சுற்றுவரை தாங்கும் என்றும், எந்த மாதம் எந்த வருடம்வரை பாவிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. டிஸ்க்குக்கும் காலாவதி உண்டு. ஈரம் குடித்த பழைய டிஸ்க்கின் பசை விட்டுப்போகும். நம்மவர் செய்யும் பெரிய பிழை, காவலைக் கழற்றிவிட்டுச் சின்னக் கிரைண்டரில் ஏழு அங்குல டிஸ்க்கைப் பூட்டுவது. அந்த டிஸ்க் 8,500 சுற்றுக்கு மேல் போகக்கூடாது. 11,000 இல் அது துண்டு துண்டாகும்போது எதிரே கண்ணாடி அணியாத ஒரு முகம் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி ஒரு கொத்துரொட்டிப் பார்சலின் விலைக்குள் கிடைக்கிறது.

கண்ணைப் பற்றி இன்னொன்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு ஏழு மணி நேரம் கழித்து, நித்திரைக்குப் போன பிறகு, கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி எரிச்சல் வரும். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்று அர்த்தம். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எல்லாம் வெந்த கண்ணுக்குக் கிருமியைக் கூட்டிக்கொண்டு வரும். வெல்டிங்காரர் முகமூடி போட்டிருப்பார். கம்பியைப் பிடித்துக்கொடுக்கும் சின்னவன்தான் வெறுங்கண்ணோடு நிற்பான். ஒரு முகமூடி வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்க வேண்டும்.

உடுப்பு. சாரம் நம் வெக்கைக்கு ஏற்ற உடுப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உழவு இயந்திரத்தின் பின் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது செக்கனுக்கு ஒன்பது சுற்றுச் சுற்றும். அதில் சாரத்தின் நுனி பட்டால் முழுச் சாரத்தையும் சுருட்டி இழுக்க ஒரு செக்கன் போதும். சாரத்துக்குள் இருக்கும் ஆளையும் சேர்த்து. லாண்ட்மாஸ்ரரின் பெல்ற்றும் அப்படித்தான். கையில் கட்டிய கோயில் நூல், கழுத்துச் சங்கிலி, தொங்கும் கையுறை எல்லாம் சுற்றும் இயந்திரத்துக்குக் கயிறு கொடுப்பவை. மோதிரத்தோடு பற்றரி வேலை செய்பவர்கள் ஒன்று யோசிக்க வேண்டும்: ஸ்பானரும் மோதிரமும் சேர்ந்து பற்றரியின் இரு முனைகளையும் தொட்டால் அந்த மோதிரம் விரலிலேயே பழுக்கும். பற்றரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

12 வோல்ற் பற்றரி சுடும். ஹைபிரிட் பற்றரி கொல்லும். ஏ9 வீதியால் பிரியஸும் அக்குவாவும் வெசலும் ஓடுகின்றன, அவையும் இடைவழியில் நிற்கும். பிரியஸ் பற்றரியில் 200 வோல்ற்றுக்கு மேல் இருக்கிறது. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு முழு மின்சார வாகனங்களும் வீதிக்கு வருகின்றன. செம்மஞ்சள் உறை போட்ட கம்பியைக் கண்டால், அந்த வேலை படிக்காதவர் அதில் கை வைக்கக்கூடாது. தெரியாது என்று சொல்லி மூடிக் கொடுப்பதும் தொழில் தெரிந்தவரின் இலட்சணம்தான்.

சத்தம் போடாமல் வரும் நோய்களும் உண்டு. பெற்றோலில் கை கழுவுவது, ஒயில் துணியை இடுப்பில் செருகிக்கொள்வது, பிறேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் தூசியை ஊதுவது. பழைய பிறேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அதன் நார் நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் புற்றுநோயாகத் தெரியவரும். ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதியாக அறிவித்தது. புகையை வெளியே விடக் கொட்டிலின் பின் தகரத்தில் இரண்டைக் கழற்றுவது எவ்வளவு பெரிய வேலை?

சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், வயதான சட்டங்களே இருக்கின்றன. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டினது. தொழிற்சாலை என்றால் புகைபோக்கி வைத்த கட்டடம் என்று நினைக்கிறோம். கூலிக்கு ஆள் வைத்துச் சாமான் பழுதுபார்க்கும் இடமும் அதன் பார்வைக்குள் வருகிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டினது. வேலை செய்யும்போது கை போனால் முதலாளி நட்டஈடு கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். 2022 திருத்தத்தின் பிறகு உச்சத் தொகை இருபது இலட்சம் ரூபா. வன்னியில் காயப்பட்ட எத்தனை பெடியங்கள் அந்த வழியை நாடியிருக்கிறார்கள்? முதலாளி சொந்தக்காரராக இருப்பார், ஊரவராக இருப்பார், ஆசுபத்திரிச் செலவைக் கொடுத்திருப்பார். முகம் முறிக்க மனம் வராது. அந்த உறவு நல்லதுதான். ஆனால் ஒரு கையை இழந்தவன் அந்த உறவை வைத்து ஐம்பது வருடம் சாப்பிட முடியாது.

வயதும் ஒரு விடயம். 2021 முதல் இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தவும் தடை இருக்கிறது. "படிப்பு ஏறவில்லை, கராஜில் விட்டாலாவது தொழில் பழகுவான்" என்று தாய் தகப்பன் கொண்டுவந்து விடும்போது, மறுக்கும் மனம் கராஜ்காரருக்கும் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேறு வாசல் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அங்கே முறையாகப் பழகலாம், என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கிடைக்கும். கராஜில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள் தங்கள் அனுபவத்தையே சோதித்து அந்தச் சான்றிதழ் பெற அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றா வழி வைத்திருக்கிறது.

வாடிக்கையாளரான எங்களையும் நான் விட்டுவிட மாட்டேன். மழை விழுந்ததும் ஊரெல்லாம் ஒரே நாளில் உழவுக்கு இறங்கும். "அண்ணை, நாளைக்குக் காலமை வயலுக்குப் போகவேணும், இரவிரவா முடிச்சுத் தாங்கோ" என்று தலைமாட்டில் நின்று அவசரப்படுத்துவது யார்? ஸ்ராண்ட் வைக்க ஐந்து நிமிடம் பிந்தினால் முகத்தைச் சுளிப்பது யார்? கூலியில் நூறு ரூபா குறைக்கச் சொல்லி நிற்கும்போது, அந்த நூறு ரூபா எந்தக் கண்ணாடியிலிருந்து, எந்தக் கையுறையிலிருந்து போகிறது என்று ஒருவரும் நினைப்பதில்லை.

கராஜ் வைத்திருக்கும் அண்ணைமாரே, இந்தக் கட்டுரையில் நீங்கள் அறியாதது அதிகம் இருக்காது. அறிந்ததைப் பெடியனுக்கும் சொல்லுங்கள். இரண்டு சோடி ஸ்ராண்ட், மூன்று கண்ணாடி, இரண்டு வெல்டிங் முகமூடி, ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்புச் சிலிண்டர் வாங்கி வையுங்கள். பற்றரி அசிட் தெறித்த கண்ணைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் கிட்டவே இருக்கட்டும். இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தீக்காயத்துக்கும் அதே குளிர்ந்த தண்ணீர்தான், பற்பசை பூச வேண்டாம். விரல் துண்டுபட்டால் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு அனுப்புங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வடக்கில் 2018 முதல் அந்தச் சேவை இருக்கிறது. அந்த இலக்கத்தைக் கிறீஸ் படாத ஒரு சுவரில், எட்ட நின்றாலும் தெரியும் அளவில், நாளைக்கே எழுதி வையுங்கள்.